டாப் வேரியண்ட்டா, டாப் திறக்குற வேரியண்ட்டா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக லேசாகத் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் கோடிங், அப்ரைசல், வொர்க் ஃப்ரம் ஹோம் எதுவும் கிடையாது. மூணு மாசமா என் தூக்கத்தைக் கெடுத்த ஒரு விஷயத்தைப் பேசப் போறேன். கூரை திறக்குற வண்டி ஒண்ணு வாங்கணும்னு முடிவு பண்ணேன். முடிவு பண்றது சுலபம். அதுக்கப்புறம் "எந்த வேரியண்ட்?"னு ஒரு கேள்வி வந்துச்சு பாருங்க, அங்கதான் மாட்டிக்கிட்டேன்.

முதல்ல ஒண்ணைச் சொல்லிடுறேன். கன்வெர்ட்டிபிள் ஸ்போர்ட்ஸ் கார்னு நாம யூடியூப்ல பார்க்குறதெல்லாம் நம்ம பட்ஜெட்டுக்குள்ள வராது. பிஎம்டபிள்யூ இசட்4, போர்ஷே பாக்ஸ்டர் மாதிரி வண்டிக்கு நம்ம ஃபிளாட்டை வித்தாலும் பத்தாது. உலகம் முழுக்க சாதாரண ஆளுங்க வாங்கி ஓட்டுற குட்டி ஸ்போர்ட்ஸ் கன்வெர்ட்டிபிள்னா அது மஸ்டா எம்எக்ஸ்-5. மஸ்டா நம்ம ஊர்ல கடையே போடல. அதனால இங்க கூரை திறந்து காத்து வாங்கணும்னு ஆசைப்படுற மிடில் கிளாஸ் பையன் கடைசியில போய் நிக்கிற இடம் மஹிந்திரா தார். அது ஸ்போர்ட்ஸ் கார் கிடையாது. உசரமான ஃபோர் வீல் டிரைவ் வண்டி. ஆனா அதுல துணிக்கூரையை மடிச்சுப் பின்னாடி போடுற கன்வெர்ட்டிபிள் டாப் வந்துச்சு. எனக்கு அது போதும்.

இந்த ஆசை எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா, மாப்பிள்ளை அழைப்புதான். சின்ன வயசுல எங்க தெருவுல ஓபன் கார்ல மாப்பிள்ளையை உட்கார வெச்சு, பேண்டு வாத்தியத்தோட ஊர்வலம் வரும். எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்ப்பாங்க, நான் வண்டியைப் பார்ப்பேன். அப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் கேட்டார்: "காத்து வாங்குறதுக்குப் பத்து லட்சமா? என் டிவிஎஸ் ஃபிப்டியில முப்பது வருஷம் ஓசியில வாங்குனேனேடா." நியாயமான கேள்வி. என்கிட்ட பதில் இல்ல. அதனால நேரா ஸ்பெக் ஷீட்டுக்கு வந்துட்டேன்.

இப்போ இருக்குற தார், 2020 ஆகஸ்ட் 15 அன்னைக்கு அறிமுகமாகி, அக்டோபர் 2ல விலையோட வந்துச்சு. பெட்ரோல்ல 2.0 லிட்டர் டர்போ, 150 எச்பி. டீசல்ல 2.2 லிட்டர், 130 எச்பி. வேரியண்ட்னு பார்த்தா அப்போ ஏஎக்ஸ், எல்எக்ஸ்னு ரெண்டு குடும்பம் இருந்துச்சு. ஏஎக்ஸ்னா அட்வென்ச்சர், எல்எக்ஸ்னா லைஃப்ஸ்டைல்னு விளக்கம். இது போக துணிக்கூரையா, மடிக்கிற கூரையா, கெட்டிக் கூரையான்னு தனியா ஒரு வரிசை இருந்துச்சு. என் பட்ஜெட்டுக்குப் பழைய வண்டிதான். அதனால 2020 கடைசியில இருந்து 2022 வரைக்கும் வந்த வண்டிகளைத் தேடினேன். கையில ரெண்டு தேர்வு: ஏஎக்ஸ் ஆப்ஷனல் கன்வெர்ட்டிபிள், இல்லைன்னா எல்எக்ஸ் கன்வெர்ட்டிபிள்.

நாம வேரியண்ட் லிஸ்ட்டை எப்படிப் படிக்கிறோம்? ஏணி மாதிரி. கீழ்ப்படியில பேஸ் மாடல், மேல்படியில டாப் மாடல். காசு இருக்குற வரைக்கும் ஏறு, தீர்ந்த படியில நில்லு. கல்யாணத்துக்குப் போனா சொந்தக்காரர் கேட்குறதும் அதேதான்: "டாப் எண்டா தம்பி?" ஆமான்னா ஒரு மரியாதை, இல்லைன்னா ஒரு "ம்ம்".

ஆனா அது ஏணி கிடையாது. எம்எக்ஸ்-5ஐயே எடுத்துக்கோங்க. இப்போ இருக்குற தலைமுறை 2016 மாடலா அமெரிக்காவுல வந்தப்போ ஸ்போர்ட், கிளப், கிராண்ட் டூரிங்னு மூணு வேரியண்ட். விலை அதிகமான கிராண்ட் டூரிங்ல லெதர் சீட், சொகுசு எல்லாம் இருந்துச்சு. ஆனா வளைவுல வண்டியை இழுத்துப் பிடிக்கிற லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியலும் பில்ஸ்டைன் டாம்பரும் நடுவுல இருந்த கிளப் மேனுவல்லதான் இருந்துச்சு. ஓட்டுறதுக்காகவே வாங்குறவனுக்கு நடுப்படி. உட்கார்ந்து போக வாங்குறவனுக்கு மேல்படி. இதுல மேல, கீழன்னு ஒண்ணும் இல்ல. ரெண்டும் வேற வேற ஆளுக்கான வண்டி.

தார்லயும் இப்படி ஒண்ணு இருக்கு. எல்எக்ஸ்ல 18 இன்ச் அலாய், டயர் 255/65. ஏஎக்ஸ்ல 16 இன்ச் இரும்பு வீல், டயர் 245/75. பார்க்க எல்எக்ஸ்தான் கெத்து. ஆனா கணக்குப் போட்டா, இரும்பு வீல்ல டயரோட பக்கச்சுவர் சுமார் 184 மில்லிமீட்டர். அலாய்ல 166. கிட்டத்தட்ட ரெண்டு சென்டிமீட்டர் ரப்பர் கூட. பள்ளத்துல இறங்கும்போது முதல் அடியை வாங்குறது அந்த ரப்பர்தான். எங்க ஏரியாவுல பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடின தெருவுல போறவனுக்கு எது டாப் மாடல்? நீங்களே சொல்லுங்க.

அதனால ஏணியைத் தூக்கி ஓரமா வெச்சுட்டு, ஒரு நோட்டுல நடுவுல கோடு போட்டேன். இடது பக்கம்: நாளைக்குக் காசு கொடுத்தா மாட்டிக்கலாம். வலது பக்கம்: இன்னைக்கு இல்லைன்னா என்னைக்குமே இல்ல. நம்ம பாஷையில சொன்னா, கான்ஃபிக் ஃபைல்ல மாத்துறது ஒண்ணு, ஆர்க்கிடெக்சர்லயே முடிவாகிடுறது இன்னொண்ணு.

இடது பக்கம் போட்டது: டச் ஸ்க்ரீன், ஸ்பீக்கர், அலாய் வீல், ஃபாக் லேம்ப், சீட் கவர், ஏறுறதுக்கு சைடு ஸ்டெப். எல்லாமே கடையில கிடைக்குது. ஷோரூம் தேதியில வாங்குறதை விட மலிவாவும் கிடைக்கும், கொஞ்சம் பொறுத்தா அதை விட நல்லதாவும் கிடைக்கும். 2020ல வந்த டச் ஸ்க்ரீனை இன்னைக்குத் தொட்டுப் பாருங்க, புரியும். எலக்ட்ரானிக்ஸ் கிழவனாகுற வேகத்துல இன்ஜின் கிழவனாகாது.

வலது பக்கம் போட்டது: இன்ஜின், கியர்பாக்ஸ், கூரை, இஎஸ்பி. நாலே நாலு.

இஎஸ்பி எதுக்கு வந்துச்சுன்னு சொல்றேன். போன நவம்பர். என்கிட்ட இருக்குற பழைய ஹேட்ச்பேக்ல நானும் அம்மாவும் திண்டுக்கல்ல ஒரு விசேஷத்துக்குப் போயிட்டுத் திரும்பி வர்றோம். வாடிப்பட்டி தாண்டி நாலு வழிச்சாலை, நல்ல மழை. நான் எண்பதுல வர்றேன். அந்த மழைக்கு அது அதிகம், தப்பு என் மேலதான். சென்டர் மீடியன் இடைவெளியில இருந்து ஒரு பைக் குறுக்க வந்துச்சு. வலது பக்கம் ஒடிச்சேன், உடனே இடது பக்கம் ஒடிச்சேன். வண்டியோட பின்பக்கம் என் பேச்சைக் கேக்கல. சுத்தி, வந்த வழியைப் பார்த்து, மண்ணுல போய் நின்னுச்சு. பின்னாடி லாரி எதுவும் வரல. அவ்வளவுதான் அதிர்ஷ்டம். அம்மா வீடு வர்ற வரைக்கும் எதுவுமே பேசல. வாசல்ல செருப்பைக் கழட்டும்போது மட்டும் கேட்டாங்க: "அந்தப் பைக்காரப் பையனுக்கு ஒண்ணும் ஆகலையேப்பா?"

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். இஎஸ்பிங்கிறது என்ன பண்ணுது? ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பியிருக்கீங்கன்னு ஒரு சென்சார் பார்க்கும். வண்டி நிஜமா எந்தப் பக்கம் சுத்துதுன்னு இன்னொரு சென்சார் பார்க்கும். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா, நாலு வீல்ல எந்த ஒரு வீலைப் பிடிச்சா வண்டி நேராகுமோ அதுக்கு மட்டும் தானா பிரேக் போடும். மனுஷனால ஒரு காலை வெச்சுக்கிட்டு இதைச் செய்யவே முடியாது. பிரேக் ஹைட்ராலிக்ஸ், சென்சார், அந்த வண்டியோட எடைக்கும் உசரத்துக்கும் ஏத்த மாதிரி எழுதின சாஃப்ட்வேர் எல்லாம் சேர்ந்ததுதான் அது. எந்த மெக்கானிக் ஷெட்டுலயும் அப்புறமா மாட்ட முடியாது. உசரமான வண்டிக்கு இது இன்னும் முக்கியம், ஏன்னா அது சறுக்குறதோட நிக்காம கவிழவும் வாய்ப்பு இருக்கு.

2020 நவம்பர்ல குளோபல் என்கேப் கிராஷ் டெஸ்ட்ல தாருக்குப் பெரியவங்களுக்கு 4 ஸ்டார், குழந்தைகளுக்கு 4 ஸ்டார் கிடைச்சுச்சு. நல்ல மார்க். ஆனா அது மோதினதுக்கு அப்புறம் என்ன ஆகும்ங்கிற கணக்கு. இஎஸ்பி மோதாம இருக்கறதுக்கான கணக்கு. அந்த ஆரம்ப வருஷ தார்கள்ல இஎஸ்பி இருந்தது எல்எக்ஸ்ல. வேடிக்கை என்னன்னா, பாதுகாப்பு கூட இருக்குறது "லைஃப்ஸ்டைல்" வேரியண்ட்ல, "அட்வென்ச்சர்" வேரியண்ட்ல இல்ல. அட்வென்ச்சர்ங்கிற வார்த்தைக்கு அன்னைக்குத்தான் அர்த்தம் புரிஞ்சுச்சு.

அடுத்தது கூரை. இதை ஷீட்டுல படிச்சு முடிவு பண்ண முடியாது. மே மாசம், கத்திரி வெயில். ஃப்ரெண்டு ஒருத்தன்கிட்ட கன்வெர்ட்டிபிள் தார் இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா கடன் கேட்டேன். "மாப்ள, வண்டியை எடுத்துக்க, ஆனா மத்தியானம் போன் பண்ணி என்னைத் திட்டக் கூடாது"ன்னு சொல்லிக் கொடுத்தான்.

காலையில அஞ்சே முக்காலுக்கு கேகே நகர்ல இருந்து கிளம்பி அழகர்கோவில் ரோடு. கூரை மடிச்சாச்சு. ரெண்டு பக்கமும் மரம், முன்னாடி மலை, யாரோ வீட்டு அடுப்புப் புகை வாசனை. அந்த வாசனை மூடின வண்டிக்குள்ள வராது. அம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகணும்னே தோணல. இதுக்குத்தான் காசுன்னு நினைச்சேன்.

எட்டரை மணிக்கு வெயில் தலையில கை வெச்சுச்சு. ஒன்பது மணிக்கு ஓரம் கட்டி, கூரையை இழுத்து மூடி, ஜன்னல் துணியெல்லாம் மாட்டினேன். இதுல பட்டன் அமுக்கினா மூடுற சமாச்சாரம் கிடையாது, எல்லாம் கை வேலை. பழகாத கைக்கு நல்லா நேரம் எடுக்குது. திடீர் மழை வந்தா நனைஞ்சுட்டேதான் மூடணும். அப்புறம் வீட்டுக்கு வந்து அம்மாவை ஏத்திக்கிட்டு மேலூர் பக்கம் நாலு வழிச்சாலையில தொண்ணூறுல போனேன். துணிக்கூரை படபடன்னு அடிக்குது. அம்மா ஏதோ சொல்றாங்க, எனக்குக் கேக்கல. "என்னம்மா?"ன்னு மூணு தடவை கேட்டேன். கடைசியில "ஒண்ணுமில்ல"ன்னு கையைக் காட்டிட்டாங்க. ஏசி ஓடுது, ஆனா வெயில் துணி வழியா எட்டிப் பார்க்குது.

கணக்குப் பார்த்தா மதுரையில கூரையைத் திறந்து சந்தோஷமா ஓட்டுற நேரம்னா கோடையில காலையில ரெண்டு, ரெண்டரை மணி நேரம். மார்கழி, தைன்னா கொஞ்சம் கூட. மத்த நேரமெல்லாம் அது சத்தம் போடுற ஒரு வண்டி. கெட்டிக்கூரை எல்எக்ஸ் வாங்கினா இந்தப் பிரச்சனையே இல்ல. நண்பர்கள்ல பாதிப் பேர் அதைத்தான் சொன்னாங்க.

சரி, கெட்டிக்கூரை வாங்கிட்டு அப்புறமா மாத்திக்கலாமா? இல்ல துணிக்கூரை வாங்கிட்டுக் கெட்டிக்கூரை போட்டுக்கலாமா? நிறைய பேர் செய்றாங்க. ஆனா மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஆர்சியில இருக்குற விவரம் கம்பெனி முதல்ல கொடுத்த விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லியிருக்கு. ஸ்பீக்கர் மாட்டுறது வேற, வண்டியோட உடம்பை மாத்துறது வேற. ஆர்டிஓ அனுமதி இல்லாம மாத்திட்டு, நாளைக்கு ஒரு விபத்துன்னு இன்சூரன்ஸ்ல போய் நின்னா, அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்றது? அதான் கூரை வலது பக்கம். இன்னைக்கு முடிவு, முடிவு.

இப்போ வண்டி தேடின கதை. பழைய வண்டி விக்கிற ஒரு இடத்துல, பேரு வேண்டாம், "எல்எக்ஸ் கன்வெர்ட்டிபிள், 2022, 28,000 கிலோமீட்டர்"னு ஒண்ணு காட்டினாங்க. 18 இன்ச் அலாய் இருக்கு, டச் ஸ்க்ரீன் இருக்கு, பளபளன்னு இருக்கு. விலை 10.6 லட்சம். எனக்கு வாயில எச்சில் ஊறுது. அட்வான்ஸ் கொடுக்க ஜிபேயைத் திறந்துட்டேன். அப்போ நோட்டு ஞாபகம் வந்துச்சு. பார்த்தது எல்லாம் இடது பக்க சாமான். வலது பக்கத்தைப் பார்க்கவே இல்ல.

சாவியைப் போட்டு ஆன் பண்ணேன், இன்ஜின் ஸ்டார்ட் பண்ணல. இஎஸ்பி இருக்குற எந்த வண்டியிலயும் மீட்டர்ல அந்த விளக்கு, வண்டி சறுக்குற மாதிரி ஒரு படம், ஒரு தடவை எரிஞ்சு அணையும். எரியல. ரெண்டாவது தடவை போட்டேன், எரியல. ஆர்சியைக் கேட்டேன். மாடல் பேர் இருக்குற வரியில ஏஎக்ஸ்னு இருக்கு. "தம்பி, எல்லா ஃபிட்டிங்கும் எல்எக்ஸ்தான், பேர்ல என்ன இருக்கு?"ன்னார். அவர் என்னை ஏமாத்தினாரா, அவரையே யாராவது ஏமாத்தினாங்களான்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்த அலாய்க்குள்ள ஒளிஞ்சிருந்தது வேற வண்டி. இன்னொரு விஷயம், அந்த டயரோட மொத்த உயரம் பழைய டயரை விட சுமார் ஒண்ணரை சென்டிமீட்டர் கூட. மீட்டரைத் திருத்தலைன்னா அது நூறுன்னு காட்டும்போது நிஜத்துல கிட்டத்தட்ட நூத்தி ரெண்டுல போயிட்டு இருப்பீங்க. சின்ன விஷயம்தான். ஆனா மாட்டினவர் யோசிக்கலைன்னு காட்டுற விஷயம்.

அதனால பழைய வண்டி பார்க்குறவங்களுக்கு மூணு வரி. ஒண்ணு, ஆர்சியில மாடல் பேரைப் படிங்க. ரெண்டு, சாவி போட்டதும் எந்தெந்த விளக்கு எரிஞ்சு அணையுதுன்னு பாருங்க. மூணு, சேஸிஸ் நம்பரை கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கொடுத்து, வண்டி ஃபேக்டரியில இருந்து என்னவா வந்துச்சுன்னு கேளுங்க. அதே வேரியண்ட் பேருக்குள்ளயே வருஷா வருஷம் சாமான் மாறும். அதனால இணையத்துல பார்த்த லிஸ்ட்டை நம்பாதீங்க. முன்னாடி நிக்கிற வண்டியைக் கேளுங்க.

புது வண்டி வாங்குறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடுறேன். தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து கார் ஆயுட்கால வரி 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினா 20 லட்சம் வரைக்கும் 18 சதவீதம். 10 லட்சத்துக்கு மேல உள்ள தொகைக்கு மட்டும் இல்ல, மொத்த விலைக்கும். 9.99 லட்சம் வண்டிக்கு வரி சுமார் 1.30 லட்சம். அடுத்த வேரியண்ட் 10.99 லட்சம்னு வெச்சுக்கோங்க, வரி சுமார் 1.98 லட்சம். ஷோரூம்ல "ஒரு லட்சம்தான் சார் வித்தியாசம்"பாங்க. நிஜத்துல 1.68 லட்சம். இது போக 10 லட்சத்துக்கு மேல டிசிஎஸ் ஒரு சதவீதம், அது ரிட்டர்ன் போட்டா வரவு வைக்கலாம். வேரியண்ட்டை எக்ஸ்-ஷோரூம் விலையில ஒப்பிடாதீங்க, ஆன்ரோடு விலையில ஒப்பிடுங்க.

கடைசியில நான் என்ன பண்ணேன்? 2021 எல்எக்ஸ் கன்வெர்ட்டிபிள், டீசல், மேனுவல். 61,000 கிலோமீட்டர் ஓடினது. 11.1 லட்சம். அதாவது, ஒரு வருஷம் பழசுக்கு, ரெண்டு மடங்கு ஓடினதுக்கு, அம்பதாயிரம் கூடக் கொடுத்து வாங்கியிருக்கேன். டச் ஸ்க்ரீன்ல ஒரு கீறல். ஒரு டயர் உடனே மாத்த வேண்டியிருந்துச்சு. ஆபீஸ்ல சொன்னப்போ ஒருத்தன் சிரிச்சான். ஆனா சாவியைப் போட்டதும் அந்த விளக்கு எரிஞ்சு அணைஞ்சுச்சு.

ஹேட்ச்பேக்கை விக்கல. அம்மாவோட பகல் பயணத்துக்கு அதுதான். அந்த வசதி இல்லாம, ஒரே வண்டிதான் வீட்டுக்குன்னா, நான் கெட்டிக்கூரை எல்எக்ஸ்தான் வாங்கியிருப்பேன். அதை மறைக்க விரும்பல. திறந்த கூரை என் ஆசை. அதோட வெயிலை அம்மா சுமக்கக் கூடாது.

போன வாரம் காலையில ஆறு மணிக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். "வேலை இருக்கு"ன்னார். அம்மா வந்தாங்க, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, சீட் பெல்ட்டைத் தானே எடுத்து மாட்டினாங்க. அழகர்கோவில் வரைக்கும் ஐம்பதுல போனோம். அந்த வேகத்துல பேசினா கேக்குது. திரும்பி வரும்போது சொன்னாங்க: "மழை பெய்யும்போது மட்டும் இதுல போகாதப்பா." இஎஸ்பி இருக்கும்மான்னு விளக்க வாயைத் திறந்தேன். அப்புறம் மூடிக்கிட்டேன். சரிம்மான்னு மட்டும் சொன்னேன்.

இந்த எபிசோட் அவ்வளவுதான் மக்களே. நீங்க வண்டியோ, போனோ, லேப்டாப்போ வாங்கும்போது வலது பக்கம் என்ன எழுதினீங்கன்னு குரல் செய்தியா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம். வண்டியில கேட்டுட்டு இருக்குறவங்க, மழை பெய்தா கொஞ்சம் மெதுவாப் போங்க.